அரைக் கிணறு

சுவருக்கு அடித்த வெள்ளை மூன்றாம் நாள் காலையிலேயே பொருக்குப் பொருக்காய் எழும்பி நின்றது. சில்வெஸ்ரர் ஒரு விரலால் மெல்லத் தொட்டுப் பார்த்தான். உள்ளங்கை அகலத்துக்கு அப்படியே கழன்று அவன் காலடியில் விழுந்து தூளாய்ப் போனது. உள்ளே பூச்சு இன்னமும் ஈரம். ஈரத்தின் மேலே உப்புப் பூத்து, யாரோ பஞ்சைக் கிள்ளி ஒட்டிவிட்டதுபோல் கிடந்தது.

கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு இன்னும் நாலு நாள்.

"விழுந்திட்டுதோ?" என்று குசினிக்குள் இருந்து கத்தரீனா கேட்டாள்.

"ஒரு இடத்திலைதான்."

"ஒரு இடத்திலையோ? இஞ்சாலை அடுப்படிச் சுவரை வந்து பாருங்கோ. சொறி பிடிச்ச நாய் மாதிரிக் கிடக்கு. உவர்த் தண்ணியிலை குழையாதேங்கோ, குழையாதேங்கோ எண்டு தொண்டை கிழியக் கத்தினனான். கேட்டனீங்களோ?"

"பூச்சுக்கு ஐம்பது அறுபது குடம் வேணும். அவ்வளவையும் கொம்மா வீட்டுக் கிணத்திலை அள்ள விட்டிருப்பினமோ?"

"அது அம்மா வீட்டுக் கிணறில்லை. அரைவாசி என்ரை."

சில்வெஸ்ரர் விழுந்த தூளைக் காலால் ஒதுக்கினான். அந்த அரைவாசியைப் பற்றிய கதை எடுத்தால் அது எங்கே போய் முடியும் என்று அவனுக்குத் தெரியும்.

தீவுப் பகுதியில், கரம்பொன் பக்கத்தில் வீடு பெண்ணுக்குச் சீதனமாய்ப் போகும். மாமி அந்தோனியம்மாவுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் கத்தரீனாவை சில்வெஸ்ரருக்குக் கட்டிக் கொடுத்தபோது, வீட்டுக்குப் பின்னால் கிடந்த வெறும் வளவைக் காட்டி, "இது உங்களுக்கு. வீடு கட்டுமட்டும் இஞ்சையே இருங்கோ" என்றாள். இருந்தார்கள். பன்னிரண்டு வருடம் இருந்தார்கள். மூன்று பிள்ளைகள் அந்த வீட்டில் பிறந்தன. சில்வெஸ்ரர் துறையில் மூட்டை இறக்கிவிட்டு வரும் பின்னேரங்களில், முருகைக்கல்லை ஒவ்வொன்றாய்த் தோளில் சுமந்து வந்து பின் வளவில் அடுக்கினான். கல் இருந்தால் சுண்ணாம்பு இல்லை, சுண்ணாம்பு இருந்தால் மரம் இல்லை. சுவர் இடுப்பளவில் நின்று புல் முளைத்தது.

இந்த ஐப்பசியில் இளையவள் ஞானசவுந்தரிக்குக் கலியாணம் பொருந்தியது. மாப்பிள்ளை குருசுமுத்து பாசையூர்ப் பொடியன். கொழும்பில் ஒரு கப்பல் கொம்பனியிலே கிளாக்கர். வீடும் முன் வளவும் ஞானத்துக்கு என்று நொத்தாரிசு உறுதிப் பத்திரம் முடித்தார். பின் வளவும் கிணற்றில் அரைப் பங்கும் கத்தரீனாவுக்கு. எழுதி முடித்து வாசித்துவிட்டு நொத்தாரிசு மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்து, "வேறை ஏதும் சேர்க்கவேணுமோ?" என்று கேட்டார். அந்தோனியம்மா மூத்த மருமகனைப் பார்த்தாள். சில்வெஸ்ரர், "எல்லாம் சரி ஐயா" என்றான். அந்தக் கதிரையிலிருந்து எப்போது எழும்பலாம் என்பதுதான் அப்போது அவன் யோசனை.

கிணறு முன் வளவுக்குள் இருந்தது. அங்கே போகும் பாதையை உறுதியில் யாரும் எழுதவில்லை. இரண்டு வளவுக்கும் நடுவிலிருந்த வேலியில் ஒரு ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு ஒரு பொட்டு இருந்தது. அதற்குள்ளால் போய்ப் போய் நிலம் வழுக்கலாய்த் தேய்ந்திருந்தது. வேலிப் பொட்டை உறுதியில் எழுதவேண்டும் என்று தீவில் எவனுக்குத் தோன்றும்?

நத்தாருக்கு முன்னம் வீட்டை ஒழித்துத் தரவேண்டும் என்றார்கள். சில்வெஸ்ரர் ஒரு மாதத்தில் மிச்சச் சுவரை எழுப்பி, பனையோலையால் வேய்ந்து, பின் வளவில் தானே தோண்டிய உவர்க் கிணற்றின் தண்ணீரில் பூச்சைக் குழைத்தான். அந்தத் தண்ணீரில் சோறு வைத்தால் உப்புப் போடத் தேவையில்லை. தேத்தண்ணி வைத்தால் வாயில் வைக்க ஏலாது. குடிக்கவும் சமைக்கவும் கத்தரீனா நாளுக்கு எட்டுத் தரம், பத்துத் தரம் குடத்தோடு பொட்டுக்குள்ளால் குனிந்து போய் வந்தாள்.

அன்று காலை விழுந்த வெள்ளையை அவள் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தபோது, பொட்டுக்குள்ளால் மாமியின் தலை தெரிந்தது. உள்ளே வரவில்லை. தலையை மட்டும் நீட்டினாள்.

"தம்பி சில்வெஸ்ரர், இண்டைக்குத் துறையிலை வேலை இல்லைத்தானே? இந்த வேலியை ஒருக்கால் அடைச்சுத் தாரும். சின்னத்தம்பியும் கொழும்பிலையிருந்து லீவிலை வந்து நிக்குது. ஓலையெல்லாம் நனைச்சுக் கிடக்கு. நத்தாரண்டைக்குப் பாசையூர்ச் சனம் வருகினம். வேலி ஓட்டை ஓட்டையாய்க் கிடந்தால் எங்களுக்குத்தானே மரியாதைக் குறைவு."

கத்தரீனா தும்புத்தடியை நிறுத்தினாள். "பொட்டையும் சேர்த்தோ அடைக்கிறது?"

அந்தோனியம்மா மகளைப் பார்க்காமல் மருமகனைப் பார்த்தே மறுமொழி சொன்னாள். "அதிலை ஒரு சின்னப் படலை வைக்கலாமோ எண்டு பார்ப்பம் தம்பி. நீர் துவங்கும்."

தலை மறைந்தது.

"பார்ப்பம் எண்டு சொல்லிப்போட்டுப் போறா. கேட்டனீங்களோ?"

"படலை எண்டும் சொன்னவதானே."

"பன்னிரண்டு வருசமாய்ப் 'பார்ப்பம், பார்ப்பம்' எண்டுதான் எங்களுக்கு வீடு கட்டித் தந்தவ. உங்களுக்கு வெக்கமில்லையோ? உங்கடை பிள்ளையளின்ரை தண்ணியை உங்கடை கையாலை அடைக்கப் போறியள்."

"விசரி. நான் போகாட்டி குருசுமுத்து ஆரையாவது கூலிக்குப் பிடிச்சு முழுசாய் அடைப்பிப்பான். நான் நிண்டால் பொட்டை விட்டுக் கட்டுவன்."

"நீங்களோ?" என்று சிரித்தாள் கத்தரீனா. அந்தச் சிரிப்பு நொத்தாரிசு வீட்டுக் கதிரையில் அவன் சொன்ன சொல்லை மறுபடி எடுத்து அவன் முகத்தில் எறிந்தது.

ஓலை வேலியைத் தனியொருவன் கட்ட முடியாது. நட்ட கதியால் கம்புகளுக்கு ஓலையைச் சாத்தி, இரண்டு பக்கமும் வரிச்சுத் தடியை வைத்து, ஒருவன் இந்தப் பக்கம் நின்று குத்தூசியால் கயிற்றைக் குத்தி விடவேண்டும். மற்றவன் அந்தப் பக்கம் கயிற்றை வாங்கி, தடிக்கு மேலால் எடுத்து, திரும்ப ஊசியில் கோத்து விடவேண்டும். இவன் இழுத்து முடிச்சுப் போடுவான். கைக்குக் கை போகும் வேலை. பேசாமல் செய்யலாம், ஆனால் ஒருவனை ஒருவன் நம்பாமல் செய்ய ஏலாது.

சில்வெஸ்ரர் தன் வளவுக்குள் நின்றான். அந்தப் பக்கம் குருசுமுத்து, சாரத்துக்கு மேலே வெள்ளைப் பெனியனோடு, கையில் மணிக்கூட்டையும் கட்டிக்கொண்டு நின்றான். வடக்கு மூலையில் தொடங்கினார்கள். வாடைக்காற்று கடலிலிருந்து நேராய் வந்து ஓலையைப் பிடுங்கியது. முழங்காலால் ஓலையை அமத்திக்கொண்டு சில்வெஸ்ரர் ஊசியைக் குத்தினான்.

"ஆ! அண்ணை, கையிலை பட்டுது."

"கையைத் தடிக்கு மேலை வைச்சால் படும்தானே தம்பி. கீழை பிடியும்."

"பார்த்துக் குத்துங்கோவன்."

"ஓலைக்குள்ளாலை எனக்கு என்ன தெரியும்? நீர்தான் பார்க்கவேணும்."

பத்து முழம் போவதற்குள் வெயில் ஏறிவிட்டது. குருசுமுத்து ஒவ்வொரு குத்துக்கும் ஒரு தரம் பெருமூச்சு விட்டான்.

"கொழும்பிலை உந்தக் கரைச்சல் இல்லை அண்ணை. எல்லாம் மதில்தான். ஒருக்கால் கட்டினால் ஆயுளுக்கும் காணும்."

"அப்ப மதிலைக் கட்டும்."

"கட்டத்தான் போறன். வாற வருசம்."

"நல்லது. வீடுதான் ஆரோ கட்டினது. மதிலையாவது நீர் கட்டும்."

கயிறு திரும்பி வர வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூட நேரம் எடுத்தது.

"அண்ணைக்குக் கதை நல்லாய் வரும் எண்டு ஞானம் சொன்னது. நான் நம்பேல்லை" என்றான் குருசுமுத்து.

"என்னைப் பற்றி வேறை என்ன சொன்னது?"

"பன்னிரண்டு வருசம் குந்தியிருந்து போட்டுக் கிளம்பேக்கை கதவு நிலையை இடிச்சுக்கொண்டு போனனீங்களாம்."

"அலுமாரி கொண்டு போகேக்கை பட்டது."

"பட்டதோ, படவைச்சதோ?"

சில்வெஸ்ரர் ஊசியைக் குத்தினான். இந்த முறை குருசுமுத்து கையை எடுத்துவிட்டான்.

வெயில் உச்சிக்கு வந்தபோது அந்தோனியம்மா தேத்தண்ணி கொண்டு வந்தாள். சின்ன மருமகனுக்குக் கோப்பையும் பீரிசும். சில்வெஸ்ரருக்குப் பொட்டுக்குள்ளால் ஒரு தகரப் பேணி நீண்டது. உள்ளங்கையில் ஒரு துண்டுப் பனங்கட்டி. சங்கக்கடை வாசலில் மாவுக்கும் சீனிக்கும் விடிய முன்னம் சனம் வரிசையில் நின்ற வருடம் அது. பனங்கட்டியே பெரிய விருந்து. சில்வெஸ்ரர் ஒரு வாய் குடித்தான். நல்ல தண்ணித் தேத்தண்ணி. பன்னிரண்டு வருடம் பழகின ருசி தொண்டைக்குள் இறங்கும்போது, குடிக்காமல் விட்டிருக்கலாம் என்று அவனுக்கு இருந்தது.

"மாமி, பொட்டடிக்கு வந்திட்டம். படலைக்கு ரண்டு மட்டை வெட்டித் தாங்கோ" என்றான்.

அந்தோனியம்மா பேணிக்காகக் கையை நீட்டியபடி நின்றாள். "அதைச் சின்னத்தம்பியோடை கதையும்."

"கதைக்க ஒண்டுமில்லை அண்ணை. நேரே கட்டிக்கொண்டு போங்கோ" என்றான் குருசுமுத்து.

"படலை எண்டு மாமி சொன்னவ."

"பார்ப்பம் எண்டுதான் சொன்னவ. நான் பார்த்திட்டன். சரிவராது."

"தம்பி, அந்தக் கிணத்திலை அரைவாசி எங்கடை."

"இல்லை எண்டு ஆர் சொன்னது?" குருசுமுத்து உள்ளே போய் உறுதியை எடுத்து வந்தான். அவன் அதை ஏற்கெனவே எடுத்துத் தயாராய் வைத்திருந்தது, போய் வந்த வேகத்திலேயே தெரிந்தது. வேலிக்கு அப்பால் நின்று, பூசை வாசகம் வாசிப்பதுபோல நிறுத்தி நிறுத்தி வாசித்தான். "'...மேற்படி காணியிலுள்ள கிணற்றில் அரைவாசிப் பங்கும்.' அவ்வளவுதான். பிறகு பனை வருகுது. வழி எண்டு ஒரு எழுத்துமில்லை. வேணுமெண்டால் நீங்களே வந்து பாருங்கோ."

சில்வெஸ்ரருக்கு எழுத்துத் தெரியாது. அது குருசுமுத்துவுக்கும் தெரியும்.

"வழி இல்லாமல் கிணத்தை எப்பிடித் தம்பி குடிக்கிறது? பறந்து வந்தோ?"

"அதை அண்டைக்கு நொத்தாரிசிட்டைக் கேட்டிருக்கவேணும். 'எல்லாம் சரி ஐயா' எண்டு சொன்னது நானோ?"

அந்தச் சொல்லும் அவன் காதுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. சில்வெஸ்ரர் குத்தூசியை ஓலைமேல் சாத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டான். "நான் கட்டன்."

"கட்டாட்டி விடுங்கோ. நாளைக்குத் தம்பாட்டியிலையிருந்து ரண்டு பேரைக் கூப்பிட்டுக் கட்டுவிப்பன். பாசையூரிலையிருந்து என்ரை அப்பு வாறார். வளவுக்குள்ளாலை வெளியாக்கள் குடமும் கையுமாய்த் திரிஞ்சால் அவர் என்ன நினைப்பார்?"

"வெளியாக்களோ?"

இதைக் கேட்டது சில்வெஸ்ரர் இல்லை. கத்தரீனா அவனுக்குப் பின்னால் வந்து நின்றாள். முழங்கை வரைக்கும் சுண்ணாம்பு. இடுப்பில் வெறுங் குடம்.

சத்தம் கேட்டு ஞானசவுந்தரியும் வந்தாள். அரைக்கட்டைத் தூரத்துக்கு மணக்கும் புதுச்சேலை. இரண்டு பேரும் பொட்டின் இரண்டு பக்கமும் நின்றார்கள்.

அந்தோனியம்மாதான் வாய் திறந்தாள். "சண்டை வேண்டாம் பிள்ளையள். கத்தரீனா, நீ கலியாணத்தண்டைக்குச் சனத்துக்கு முன்னாலை தங்கச்சிக்கு ஒரு சொல் சொன்னனீ. 'என்னைக் கிளப்பிப்போட்டு இருக்கிற வீட்டிலை நீ வடிவாய் இருக்கமாட்டாய்' எண்டு. அந்தச் சொல்லை இப்ப எடுத்துப்போடு. தங்கச்சிட்டை மன்னிப்பு எண்டு ஒரு சொல்லுச் சொல்லு. நான் சின்னத்தம்பியோடை கதைச்சுப் படலை வைப்பிக்கிறன்."

சில்வெஸ்ரர் கத்தரீனாவைப் பார்த்தான். ஒரு சொல். தண்ணிக்கு ஒரு சொல் பெரிய விலையில்லை என்று நினைத்தான். "சொல்லன்" என்று மெதுவாய் அவளுக்கு மட்டும் கேட்கச் சொன்னான்.

கத்தரீனா குடத்தைக் கீழே வைத்தாள். "அவள் என்ன சொல்லுறாள்?"

"நான் என்ன சொல்ல?" என்றாள் ஞானசவுந்தரி. அவள் குரல் உயர்ந்தது. அழுகையில் இல்லை, கோபத்தில். "பன்னிரண்டு வருசம் உன்ரை பிள்ளையளின்ரை பீச்சீலை தோய்ச்சனான். உங்களுக்கு அறை, எனக்குக் குசினித் தரை. மழைக்கு ஒழுகினால் நான்தான் எழும்பிக் குந்தியிருக்கிறது. ஒரு நாள் கேட்டனியோ, ஞானம் எங்கை படுக்கிறாள் எண்டு? எனக்கு ஒரு கலியாணம் வந்தவுடனை சபிச்சனீ."

கத்தரீனா கையில் காய்ந்த சுண்ணாம்பைச் சுரண்டினாள். அந்தக் குற்றம் உண்மை. ஞானத்தின் பாய் குசினியில் கிடந்ததை சில்வெஸ்ரரும் பன்னிரண்டு வருடம் பார்த்தவன்தான்.

"நீ கேட்கேல்லை எண்டுதான் நானும் கேட்கேல்லை" என்றாள் கத்தரீனா கடைசியில். "கேட்டிருந்தால் அறையைத் தந்திருப்பன். இப்ப சனத்தை வைச்சுக் கேட்கிறாய். அந்தச் சொல்லைத் தரமாட்டன்."

"அப்ப படலை இல்லை" என்றாள் ஞானசவுந்தரி.

"வேண்டாம்." கத்தரீனா குனிந்து குத்தூசியை எடுத்தாள். "வாங்கோ. கட்டுவம்."

"என்ன செய்யிறாய்?" என்றான் சில்வெஸ்ரர்.

"தம்பாட்டியிலையிருந்து ஆக்கள் வந்து எங்களை அடைக்கத் தேவையில்லை. நாங்களே அடைப்பம். ஞானம், கயிறு கோக்க வா. உன்ரை மனுசன் கையைக் குத்திக்கொண்டு நிக்குது. பார்க்கப் பாவமாய்க் கிடக்கு."

குருசுமுத்து முகம் சிவந்து விலகினான். ஞானசவுந்தரி ஒரு கணம் தாயைப் பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வேலியடியில் குந்தினாள். சில்வெஸ்ரர் ஓலையைப் பிடித்துச் சாத்தினான், வேறென்ன செய்வது? பிடிக்காவிட்டால் காற்று கொண்டுபோய்விடும்.

கத்தரீனா குத்தினாள். ஊசி போனது. கயிறு திரும்பி வந்தது. அவள் இழுத்து முடிச்சுப் போட்டாள். மறுபடி குத்தினாள். இருவருமே கொஞ்சமும் தடுமாறவில்லை. தகப்பன் இருந்த காலத்தில் இதே வேலியைச் சின்ன வயதில் எத்தனை வருடம் இப்படிக் கட்டியிருப்பார்கள் என்று அந்தக் கைகளிலேயே தெரிந்தது.

"இழுத்துப் பிடி, தொங்குது" என்றாள் கத்தரீனா.

"உன்ரை முடிச்சுத்தான் தொங்குது."

"உனக்குத் தெரியுமோ முடிச்சு?"

"உன்னைவிடத் தெரியும்."

"கிளாக்கர்ப் பொஞ்சாதிக்கு முடிச்சு என்னத்துக்கு?"

"மூட்டை தூக்கிறவன்ரை பொஞ்சாதிக்குத்தான் எல்லாம் தெரியும் போலை."

கீழ் வரிச்சு முடிந்து நடு வரிச்சு வந்தது. இடுப்பளவுக்கு வேலி எழும்பியது. பொட்டுக்குள்ளால் தெரிந்த கிணற்றுக்கட்டு முதலில் மறைந்தது, பிறகு கிணற்றுத் துலாவின் கால் மறைந்தது. மேல் வரிச்சுக்கு ஓலை சாத்தியபோது ஞானத்தின் முகம் மறைந்தது. அதற்குப் பிறகும் நாலு குத்து மிச்சம் இருந்தது. நாலு தரமும் ஊசி போனது, கயிறு திரும்பி வந்தது. கடைசிக் கயிற்றைக் கத்தரீனா பல்லால் கடித்து இழுத்து இறுக்கினாள்.

வெறுங் குடத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள். அன்று பின்னேரம் முன் வளவின் றோட்டுப் படலைக்குச் சங்கிலி விழுகிற சத்தம் பின் வளவு வரைக்கும் கேட்டது.

அடுத்த மூன்று நாளும் கோயிலடிக் கிணற்றிலிருந்து தண்ணி சுமந்தார்கள். போக ஒரு கட்டை, வர ஒரு கட்டை, ஆக இரண்டு மைல் நடை. மூத்த மகள் மனோகரி ஒரு வாளியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வருவாள். வீட்டுக்கு வரும்போது பாதி அவள் பாவாடையில் இருக்கும். கத்தரீனா புருசனோடு கதைக்கவில்லை. கதைத்தது பிள்ளைகளோடு மட்டும். ஆனால் நத்தார் வேலைகள் நின்றுவிடவில்லை. கண்டல் கொப்புகளும் வைக்கோலும் கொண்டு வந்து ஒரு மூலையில் பாலன்குடில் கட்டினாள். பழைய பேப்பரைச் சாயத்தில் தோய்த்து, வெட்டி, பூ ஒட்டினாள். வெள்ளை கழன்ற இடத்துக்கு மேலேயே அந்தப் பூக்களைக் குத்தினாள். ஒரு சுவருக்குப் பூ போதாமல் போய்விட்டது. அந்தச் சுவரில் அவ்வளவு ஓட்டை.

"ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்" என்றான் சில்வெஸ்ரர், இருபத்துநாலாம் திகதி பின்னேரம், தோளிலிருந்து குடத்தை இறக்கி வைத்துக்கொண்டு.

அவள் மூன்று நாளுக்குப் பிறகு முதல் தரமாய் அவனைப் பார்த்தாள். "நீங்கள் ஒருக்கால் சும்மா ஒரு சொல்லுச் சொன்னனீங்கள். அதாலைதான் இந்தக் குடம் உங்கடை தோளிலை கிடக்கு. நானும் ஒண்டு சொல்லவேணுமோ?"

சில்வெஸ்ரர் வெளியே போய்க் கொஞ்ச நேரம் வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு ஓட்டையில்லை. நல்ல கட்டு. தீவில் அந்த வருடம் கட்டிய வேலிகளில் அதுதான் நல்ல வேலி.

நத்தாரன்று விடிந்தது. சாமப் பூசை கண்டு வந்து இரண்டு மணித்தியாலந்தான் கண்ணயர்ந்திருப்பார்கள். ஒன்பது மணிபோல முன் வளவில் கார் வந்து நிற்கும் சத்தமும், சனம் இறங்கும் சத்தமும், சின்னப் பிள்ளைகளின் கூச்சலும் கேட்டன.

கத்தரீனா தன் கூறைச்சேலையைக் கட்டிக்கொண்டு அறையிலிருந்து வெளியே வந்தாள். காதில் தோடு. தலையில் பூ. இடுப்பில் குடம்.

"எங்கை?" என்றான் சில்வெஸ்ரர்.

"தண்ணிக்கு."

"கோயிலடிக்கோ, இந்தச் சேலையோடை?"

"என்ரை கிணத்துக்கு. இண்டைக்கு ஆரும் படலை சாத்தமாட்டினம்."

அது உண்மை. நத்தாரன்று கரம்பொனில் எந்த வீட்டுப் படலையும் சாத்துவதில்லை. விடிந்ததிலிருந்து விரியத் திறந்தபடி கிடக்கும். பகையாளியும் உள்ளே வந்து ஒரு கொக்கிஸ் பலகாரம் தின்னலாம், ஒருவரும் ஏனென்று கேட்கமாட்டார்கள்.

சில்வெஸ்ரர் அவளுக்கு முன்னால் வந்து நின்றான். "சனத்துக்கு முன்னாலை மானம் போகும்."

"ஆரின்ரை மானம்?"

அவள் பின் ஒழுங்கையால் இறங்கி நடந்தாள். சில்வெஸ்ரர் வாசலில் நின்றான். மூத்தவள் மனோகரி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் உள்ளே போய், வெள்ளைச் சட்டையைப் போட்டு, இரண்டாவது குடத்தை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு, ஒழுங்கை முடக்கில் அவளை எட்டிப் பிடித்தான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் நடையைக் கொஞ்சம் மெதுவாக்கினாள்.

முன் வளவு அலங்காரமாய்க் கிடந்தது. படலையிலிருந்து முகப்பு வரைக்கும் கொழும்பிலிருந்து வந்த மினுக்குப் பேப்பர்ச் சங்கிலி. முற்றம் நிறையக் கதிரை. இரவல் கதிரை, கோயில் வாங்கு, ஒரு சாய்மனைக் கட்டில். பாசையூர்ச் சனம் பத்துப் பன்னிரண்டு பேர் கையில் பலகாரத் தட்டோடு இருந்தார்கள். நடுவில் குருசுமுத்துவின் தகப்பன் பிலிப்பர், கடல் காய்ச்சிய கறுத்த மனிதர், காலை நீட்டிக்கொண்டு இருந்தார்.

கத்தரீனா படலைக்குள்ளால் நேரே வந்தாள். குருசுமுத்து முகப்பிலிருந்து கிட்டத்தட்ட ஓடி வந்தான். சிரித்த முகத்தோடு, பல்லுக்குள்ளால், "அக்கா, இதென்ன வேலை? நாளைக்குப் பார்ப்பம்" என்றான்.

கத்தரீனா குரலைத் தாழ்த்தவில்லை. "அரைவாசி என்ரை எண்டு உறுதியிலை நீங்கள்தானே தம்பி வாசிச்சுக் காட்டினனீங்கள். எந்த வழி எண்டு எழுதேல்லை. எழுதாட்டி எனக்கு எல்லா வழியும் வழிதான். கொஞ்சம் விலகுங்கோ. நத்தார் வாழ்த்துகள்."

கதிரைகளுக்கு நடுவால் போக இடமில்லை. அவள் பிலிப்பரின் கதிரைக்கு முன்னால் நின்றாள். அவர் காலை இழுத்துக்கொண்டார். பக்கத்துக் கதிரைக்காரி எழும்பிக் கதிரையை நகர்த்தினாள். கத்தரீனா போனாள். பின்னால் சில்வெஸ்ரர், முகம் எரிய, யாரையும் பார்க்காமல் போனான். துலா கிறீச்சிட்டது. தண்ணி குடத்துக்குள் விழுகிற சத்தத்தை முற்றத்திலிருந்த எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நிறைகுடங்களோடு திரும்பி வந்தபோது மறுபடியும் கதிரைகள் நகர்ந்தன.

அவர்கள் படலையைத் தாண்ட முன்னமே பிலிப்பர் கேட்பது சில்வெஸ்ரரின் காதில் விழுந்தது. "ஆர் சம்பந்தி அந்தப் பிள்ளை?"

அந்தோனியம்மா தொண்டையைச் செருமினாள். "என்ரை மூத்தவள்" என்றாள் பிறகு.

"மூத்தவளோ? எங்கை இருக்கிறா?"

"பின் வளவிலைதான்."

"பின் வளவிலை இருக்கிற பிள்ளை ஏன் றோட்டாலை சுத்தி வாறா?"

அதற்கு வந்த மறுமொழி கேட்குமுன் அவர்கள் றோட்டுக்கு வந்துவிட்டார்கள்.

வீட்டில் தண்ணீரைக் கிடாரத்துக்குள் ஊற்றிவிட்டுக் கத்தரீனா வெறுங்குடத்தை மறுபடி இடுப்பில் வைத்தாள். "இண்டைக்கு இவ்வளவு காணுமே?" என்றான் சில்வெஸ்ரர். அவள் போய்க்கொண்டிருந்தாள். அவனும் போனான்.

இரண்டாம் தரம் போனபோது கதிரைகள் பழைய இடத்துக்கே வந்திருந்தன. மறுபடி எழும்பினார்கள், மறுபடி நகர்த்தினார்கள். ஒரு பொம்பிளையின் தட்டிலிருந்து பயற்றம் பணியாரம் உருண்டு விழுந்தது. ஞானசவுந்தரி முகப்பில் கோப்பைத் தட்டோடு நின்றாள். தட்டை அவள் ஒருவருக்கும் நீட்டவில்லை. அக்காவும் தங்கச்சியும் ஒருவரையொருவர் நேராய்ப் பார்த்தார்கள். ஒருத்தியும் கண்ணைத் தாழ்த்தவில்லை.

"எத்தினை குடம் பிள்ளை வேணும்?" என்று பிலிப்பர் கேட்டார்.

"நாளுக்குப் பத்து, ஐயா" என்றாள் கத்தரீனா.

"ஒவ்வொரு நாளுமோ?"

"தண்ணி ஒவ்வொரு நாளும்தானே விடாய்க்கும்."

கிழவர் மகனைத் திரும்பிப் பார்த்தார். குருசுமுத்து பேப்பர்ச் சங்கிலியை நேராக்குவதுபோல மேலே பார்த்துக்கொண்டு நின்றான்.

மூன்றாம் தரம் அவர்கள் படலைக்குள் நுழைந்தபோது பிலிப்பர் கதிரையில் இல்லை. எழும்பி நின்றார். ஒன்றும் சொல்லாமல் தன் கதிரையை ஒற்றைக் கையால் தூக்கி, மாமரத்தடிக்குக் கொண்டுபோய் வைத்து, அதில் இருந்துகொண்டார். பக்கத்திலிருந்தவளும் தன் கதிரையைத் தூக்கினாள். பிறகு வாங்கில் இருந்த மூன்று பேர். சாய்மனைக் கட்டிலை இரண்டு பேர் பிடித்து இழுத்தார்கள். அதன் கால் மண்ணில் கோடு கீறிக்கொண்டு போனது.

கத்தரீனா அப்படியே நடந்தாள். அவள் கிணற்றடியில் குடத்தை நிரப்பித் திரும்பி வந்தபோதும், அதற்குப் பிறகு நாலாம் தரம் வந்தபோதும், ஒருவரும் கதிரையைத் திரும்ப முற்றத்து நடுவில் போடவில்லை.